சலனப்படக் கருவியில் படச்சுருள் ஏற்றலும் இறக்கலும்

(பழைய மாணவன் ஒருவன்)

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, கல்லூரியின் பழம் பெருமையை எடுத்துரைக்க வல்லார் பலர் உளர் என்பதை எண்ணி, யான் ஒரு சிறு பாடம் எழுதித் தர இசைந்தேன். சலனப்படக் கமெராவினுள் படச்சுருளை ஏற்றுவது எங்ஙனம், இறக்குவது எங்ஙனம் என்பதே அப்பாடம்.

கைத்தொலைபேசியில் நாள்தோறும் படம் பிடிக்கும் இளைய மாணவர், "இப்பழைய வித்தை எமக்கு எதற்கு?" என வினவுதல் கூடும். அதற்கு இரண்டு விடைகள் உள. ஒன்று, படச்சுருள் இன்னும் வழக்கொழியவில்லை, 16 மி.மீ. சுருள் இன்றும் செய்யப்படுகின்றது, இன்றும் விலைக்குக் கிடைக்கின்றது. மற்றொன்று, பதுளை நகரத்துப் பழைய வீடுகளிலும், பசறை, ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலும், டிரங்குப் பெட்டியின் அடியிலோ அலுமாரியின் மேற்றட்டிலோ பழைய கமெராக்களும் தகரப் பேணிகளில் அடைத்த சுருள்களும் எவர் கண்ணிலும் படாது கிடத்தல் கூடும். அவற்றை முதன்முதல் திறக்கும் கை அறியாத கையாயின், ஒரு குடும்பத்தின் நினைவு சில வினாடிகளில் அழிந்துபோம். அவ்வாறு அழித்த கை ஒன்றே இக்கட்டுரையை எழுதுகின்றது. அதனை உரிய இடத்தில் ஒளியாது கூறுவேன்.

நம் நாடும் சலனப்படமும்

இலங்கைத் தேயிலையை உலகறியச் செய்தற்பொருட்டுத் தேயிலைப் பிரசார சபையார் பணம் உதவ, பசில் றைற் என்னும் ஆங்கிலேயர் 1934 ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு வந்து, தாமே கமெராவைக் கையாண்டு 'இலங்கைப் பாடல்' எனும் பொருள்படும் பெயர்கொண்ட விவரணப் படத்தை எடுத்தார். அப்படத்தின் உரையை வாசித்த குரல் கொழும்பு ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ற் அவர்களுடையது. 1935 இல் புரூசெல்ஸ் நகர்த் திரைப்பட விழாவில் அது முதற்பரிசு பெற்றது. 1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அவர்களின் 'ரேகாவ' வெளிவந்தது. அரசாங்கப் படப்பகுதியில் தொழில் பழகிய வில்லியம் பிளேக் அவர்கள் கமெராவை ஏந்தி, அரங்கின் நான்கு சுவர்களைவிட்டுக் கிராமத்து வெயிலிலே அப்படத்தைப் பிடித்தார். தமிழில், 1962 இல் வெளிவந்த 'சமுதாயம்' 16 மி.மீ. சுருளிலேயே எடுக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட 'தோட்டக்காரி'யும் ஏறத்தாழ அக்காலத்ததே.

இவை யாவற்றிலும் நாம் நடிகரையும் நெறியாளரையும் அறிவோம். ஆயினும், ஒவ்வொரு காட்சிக்கும் முன்னே ஒருவர் கமெராவின் கதவைத் திறந்து சுருளை ஏற்றினார். பின்னே ஒருவர் அதனை இறக்கிப் பேணியில் அடைத்தார். அவர் கை தவறியிருப்பின் ஏனையோர் உழைப்பு அனைத்தும் வீணாயிருக்கும். பெரிய படப்பிடிப்புகளில் இவ்வேலைக்கென்றே ஓர் உதவியாளரை நியமித்தல் மரபு.

1. படச்சுருளின் இயல்பு

படச்சுருள் என்பது மெல்லிய, ஒளி ஊடுருவும் நாடா. அதன் ஒரு முகத்தில் வெள்ளி உப்புக்கள் கலந்த ஜெலற்றின் பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட உப்பு மாறுதலடைகின்றது. கண்ணுக்குத் தோன்றாத அம்மாறுதலை இரசாயனக் கழுவல் வெளிப்படுத்துகின்றது. ஒளி ஒருமுறை பட்டபின் அதனைத் திரும்ப எடுத்தல் இயலாது. வாடவைத்து அரைத்த கொழுந்து மீண்டும் பச்சிலையாதல் இல்லை அன்றோ? அதுபோலவே இதுவும். வில்லையின் வழியே வந்த ஒளி படமாகும். கதவின் இடுக்கு வழியே வந்த ஒளி கறையாகும். உப்புக்கு இவ்விரண்டும் ஒன்றே. வேறுபாடு காண வேண்டியவர் கமெராவை ஏந்துபவரே.

பழைய 35 மி.மீ. சுருள்கள் நைத்திரேற்று என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை. 1950 களின் தொடக்கத்தில் அவை கைவிடப்பட்டன. 1923 இல் கொடாக் நிறுவனத்தார் வெளியிட்ட 16 மி.மீ. சுருளோ, இல்லங்களிலும் பாடசாலைகளிலும் பயன்படுத்தற்கு ஏற்றதாய், முதலிலிருந்தே தீக்கு அஞ்சாத அசற்றேற்றால் செய்யப்பட்டது.

அளவுகளை மாணவர் மனனஞ் செய்துகொள்க. 16 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 40 படங்கள். 100 அடிச் சுருளில் 4,000 படங்கள். வினாடிக்கு 24 படம் வீதம் ஓடின் அது 2 நிமிடம் 46 வினாடியில் முடியும். 16 படம் வீதம் ஓடின் 4 நிமிடம் 10 வினாடி நிற்கும். 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 படங்களே. ஆதலின் 1,000 அடியும் 11 நிமிடத்தில் முடிந்துபோம். சுருள் என்பது நீளத்தால் அளக்கப்பட்ட காலம் என்பதை இக்கணக்கால் உணரலாம்.

2. கமெராவின் உள்ளுறுப்புக்கள்

கதவைத் திறந்தால் இரண்டு அச்சுக்கள் தோன்றும். ஒன்றில் புதிய சுருள், மற்றொன்றில் வெற்று ஸ்பூல். புதியதிலிருந்து புறப்படும் நாடா பற்சில்லு ஒன்றைக் கடந்து, வில்லைக்குப் பின்னுள்ள 'கேற்' என்னும் படவாயிலினுள் இறங்கி, மீண்டும் பற்சில்லைக் கடந்து, வெற்று ஸ்பூலில் சுற்றிக்கொள்ளும். படவாயிலில் நாடாவைத் தட்டையாகப் பிடித்திருப்பது அழுத்துத் தட்டு. அதனைப் படம் படமாகக் கீழே இழுப்பது நகம் போன்ற சிறு கொக்கி. கொக்கி இழுக்கும் வேளையில் ஒளியை மறைப்பது 'சட்டர்' எனும் சுழல் தட்டு.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. பற்சில்லு இடைவிடாது சுழல்கின்றது. படவாயிலிலோ நாடா நின்று நின்று நகர்கின்றது: வினாடிக்கு 24 முறை நிற்கும், 24 முறை அசையும். ஓயாது ஓடுவதையும் நின்று நகர்வதையும் இறுக்கமாகப் பிணைத்தால் நாடா அறுந்துவிடும். ஆதலின் படவாயிலுக்கு மேலே ஒரு வளையமும் கீழே ஒரு வளையமும் நாடாவில் தளர்வாக விடப்படுகின்றன. கொக்கி சட்டென இழுக்கும்போது மேல் வளையம் சிறுத்துக் கீழ் வளையம் பெருக்கும். அடுத்த கணம் பற்சில்லு அவற்றைச் சரிசெய்யும். ஏற்றுதற் கலை முழுவதும் இவ்விரு வளையங்களைச் சரிவர விடுவதிலேயே தங்கியுள்ளது எனின் மிகையன்று. வளையம் குறைந்தால் துளைகள் கிழியும், படம் நடுங்கும். வளையம் மிகுந்தால் நாடா பெட்டியின் சுவரில் உராய்ந்து கீறலுறும்.

3. ஏற்றும் முறை

பகல்வெளிச்ச ஸ்பூல் என்பது இருபுறமும் கருநிற உலோகத் தட்டுக்களை உடையது. அத்தட்டுக்கள் சுருளின் ஓரங்களைக் காக்கின்றன. வெளிச்சுற்றுக்கள் சில உட்சுற்றுக்களைக் காக்கின்றன. "பகல்வெளிச்சம்" என்ற பெயரை நம்பி நண்பகல் வெயிலில் ஏற்றற்க. அப்பெயர் இருட்டறை வேண்டியதில்லை என்பதை மாத்திரமே குறிக்கும். மரநிழலிலோ, அறையின் மூலையிலோ, அதுவும் இல்லையேல் வெயிலுக்கு முதுகு காட்டி உம் உடலின் நிழலிலோ ஏற்றுக. ஏற்றும் ஒழுங்கு வருமாறு:

முதலாவது, வெறுங் கமெராவை ஆராய்க. படவாயிலில் தூசோ, மயிரோ, பழைய சுருளின் பூச்சுத் துணுக்கோ ஒட்டியிருப்பின் மென்மையான தூரிகையால் நீக்குக. நீங்காதாயின் நுனி மழுங்கச் சீவிய மரக்குச்சியால் நீக்குக. ஊசி, கத்தி முதலிய உலோகம் எதனையும் தொடுவித்தல் கூடாது. படவாயிலில் ஏற்படும் ஒரு கீறல் அதன்பின் எடுக்கும் ஒவ்வொரு சுருளிலும் கோடாக எழுதப்படும். அங்கே தங்கிய ஒரு மயிர் திரையில் கயிறுபோல் தோன்றும்.

இரண்டாவது, சாவியை முறுக்கிச் சிறிது ஓடவிட்டு நிறுத்துக. கொக்கியும் சட்டரும் ஒழுங்காய் அசைகின்றனவா எனக் காண்க.

மூன்றாவது, சுருளை அதன் அச்சில் ஏற்றுக. நாடாவின் மங்கலான முகம் பூச்சுள்ள முகம். பளபளப்பான முகம் பூச்சில்லாதது. மங்கல் முகமே வில்லையை நோக்க வேண்டும். ஐயமுண்டாயின் நாடாவின் நுனியை ஈர உதட்டில் வைத்துப் பார்க்க; ஒட்டும் முகம் பூச்சுள்ள முகம்.

நான்காவது, நாடாவின் நுனியை நேராக வெட்டிப் பற்சில்லிற் கொடுத்துப் படவாயிலினுள் இறக்குக. சுவிற்சர்லாந்தில் 1935 இல் தோன்றிய பொலெக்ஸ் எச் 16 போன்ற கருவிகளில், நாடாவைத் தானே வளைத்துச் செலுத்தும் வளைவுத் தடுப்புக்கள் உண்டு. ஏனையவற்றில், உள்ளே கீறியிருக்கும் வெள்ளைக் கோட்டின் அளவுக்கு வளையங்களைக் கையால் விடல் வேண்டும்.

ஐந்தாவது, நுனியை வெற்று ஸ்பூலின் பிளவிற் செருகி, இரண்டு மூன்று சுற்றுக்கள் சுற்றுக. கதவைத் திறந்தவாறே ஒரு கணம் ஓடவிட்டு, இரு வளையங்களும் நிலைபெறுகின்றனவா, கொக்கி துளையிற் பொருந்துகின்றதா என உற்றுநோக்குக. செவியையும் பயன்படுத்துக. நன்கு ஏற்றிய கமெரா ஒரே சீராக ஒலிக்கும். வளையம் தவறியது கடகடவென அரற்றும். பழகிய செவி கண்ணினும் முந்தி அறியும்.

ஆறாவது, கதவைப் பூட்டி, அடிமானி பூச்சியத்தைக் காட்டும்வரை ஓடவிடுக. அவ்வளவும் வெளிச்சம் பட்ட முன்னோடித் துண்டு. பின்னர், எந்த வகைச் சுருள், எந்நாள் ஏற்றியது என்பதை ஒட்டுநாடாவில் எழுதிக் கமெராவின் பக்கத்தில் ஒட்டுக. சுருள் உள்ளதா இல்லையா எனக் கதவைத் திறந்து பார்ப்பவன், உள்ளதை இல்லாததாக்குகின்றான்.

திரையரங்குப் படங்களை எடுக்கும் 35 மி.மீ. கமெராக்களில் 400 அடி அல்லது 1,000 அடி கொள்ளும் மகசீன் என்னும் பெட்டி உண்டு. அச்சுருளுக்குக் காப்புத் தட்டுக்கள் இல்லை. அதனை முழு இருட்டிலே, கையுணர்வு ஒன்றையே துணையாகக் கொண்டு ஏற்றல் வேண்டும். வெளியூரில் இருட்டறைக்குப் பதிலாக உதவுவது இரட்டைத் துணியாற் செய்த இருட்டுப் பை. அதன் இரு கைகளினுள் நம் கைகளை முழங்கைவரை நுழைத்து வேலைசெய்வர். பழகுவோர் பழுதான சுருள் ஒன்றைக் கொண்டு முதலில் கண்திறந்தும், அடுத்துக் கண்மூடியும், மூன்றாவதாகப் பையினுள்ளும் ஏற்றிப் பழகுக. இருட்டில் செய்யவேண்டியதை வெளிச்சத்தில் ஐம்பது முறை செய்து பார்த்தவனே இருட்டில் அஞ்சான்.

4. இறக்கும் முறை

ஏற்றுதலினும் இறக்குதலே ஆபத்து மிக்கது. ஏற்றும்போது தவறின் இழப்பது வெற்றுச் சுருள். இறக்கும்போது தவறின் இழப்பது எடுத்த படம்.

அடிமானி 100 ஐக் காட்டியவுடன் கதவைத் திறவற்க. மேலும் ஓடவிடுக. இறுதித் துண்டும் ஸ்பூலிற் சுற்றி முடிந்ததும் ஒலி மாறுபடும். அதன்பின் நிழலுக்குச் சென்று கதவைத் திறக்க. நிறைந்த ஸ்பூலைத் தூக்குமுன் வெளிச்சுற்றை விரலால் அழுத்திப் பிடிக்க. இல்லையேல் நாடா வில்போல் விரிந்து, ஒளி உள்ளே பாயும். தளர்ந்ததை இறுக்குவதற்காக நுனியைப் பற்றி இழுத்தலும் கூடாது. சுற்றோடு சுற்று உராய்ந்து கீறும். அவ்வண்ணமே கறுப்புத் தாளிற் சுற்றிப் பேணியில் இட்டு, மூடியின் விளிம்பை ஒட்டுநாடாவால் சுற்றுக. "எடுத்தது" என்று பெரிதாக எழுதுக. எழுதாத பேணியைப் புதிதென எண்ணி மீண்டும் ஏற்றினால், ஒரு திருமணத்தின்மேல் ஒரு தேர்த்திருவிழா பதிந்து இரண்டும் கெடும்.

இல்லங்களில் வழங்கிய பழைய 8 மி.மீ. கமெராவில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் சுருள் உண்மையில் 16 மி.மீ. அகலமுடையது, 25 அடி நீளமுடையது. ஒரு பாதி அகலத்தில் படம் எடுத்து முடித்தபின் ஸ்பூலை எடுத்துத் திருப்பி ஏற்றி மறுபாதியில் எடுப்பர். கழுவியபின் நடுவே பிளந்து ஒட்ட 50 அடியாகும். திருப்ப மறந்தவர்க்கு ஒரே பாதியில் இரு காட்சிகளும், மறுபாதியில் வெறுமையும் கிடைக்கும்.

5. ஊவா நாட்டுக் காலநிலை

நமது மாகாணத்தில் இக்கலைக்கு இரண்டு பகைவர் உளர். ஐப்பசி தொடங்கித் தை வரையில் வடகீழ்ப் பருவ மழையும் மூடுபனியும். ஆடி, ஆவணியில் பள்ளத்தாக்குக்களைக் காயவைக்கும் கச்சான் காற்று.

ஈரம் பூச்சை மென்மையாக்கிப் பூஞ்சணம் படரச் செய்யும். குளிர்ந்த இடத்தில் வைத்த பேணியை வெப்பமும் ஈரமும் உள்ள காற்றில் உடனே திறப்பின் நாடாவின்மேல் நீர் முத்துக்கள் அரும்பும். ஆதலின் பேணியைச் சில மணி நேரம் வெளியே வைத்து, அறைவெப்பத்தை அடைந்தபின்னரே திறத்தல் வேண்டும். மலையுச்சித் தோட்டத்திலிருந்து தாழ்நாட்டுக்குக் கமெராவைக் கொண்டிறங்குவோர் வில்லையிலும் இவ்வாறே மூச்சுப்படலம் படியக் காண்பர்; துடைப்பதினும் காத்திருத்தல் நன்று. சிலிக்கா ஜெல் கிடையாத நாளில், பொன்னிறமாக வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணிப்பையிற் கட்டிப் பெட்டியில் இடுவோம். வறண்ட பொருள் ஈரத்தை உறிஞ்சும் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. முன்னாளில் தேயிலையை ஈயத்தாள் இட்ட பெட்டியில் அடைத்தது அதனாலன்றோ?

வறட்சியும் தீங்கே. காய்ந்த காற்றில் நாடாவை விரைந்து சுற்றினால் மின்னேற்றம் உண்டாகிப் பொறி பறக்கும். அப்பொறி படத்தில் மரக்கிளை வடிவில் மின்னற் கோடாகப் பதியும். கச்சான் காலத்தில் மெல்லச் சுற்றுக. எக்காலத்தும், எடுத்த சுருளைத் தாமதியாது கழுவ அனுப்புக. வெப்பத்திலும் ஈரத்திலும் கிடக்கும் கழுவாத படம் நாளுக்கு நாள் மங்கும்.

6. ஒரு பிழையின் வரலாறு

இனி, யான் வாக்களித்தவாறு என் பிழையைக் கூறுகின்றேன்.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும், 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 இல் பாதிக்குப் பாதியெனத் தீர்ந்தது. ஒரு லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்த உடன்பிறந்தார் வெவ்வேறு நாட்டவராயினர். தலைமன்னார்க் கப்பலுக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மலைநாட்டு மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றழைத்தனர்.

1972 இல் என் தந்தையாரின் தமக்கை, தம் மக்களோடு பதுளைப் புகையிரத நிலையத்திலிருந்து புறப்பட்டார். தந்தையார் இலங்கைக் குடியுரிமை பெற்றவர். அத்தைக்கு இந்தியக் கடவுச்சீட்டு. அப்போது யான் இளைஞன். தாயகம் திரும்பிய துரை ஒருவர் விட்டுச்சென்ற, சாவி முறுக்கும் 16 மி.மீ. கமெரா ஒன்று கைமாறி என்னிடம் வந்திருந்தது. கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றும் உண்டு. அதில் அத்தையின் பிரயாணத்தைப் பிடிக்க எண்ணினேன்.

மேடையில் அடுக்கிய டிரங்குப் பெட்டிகள், கயிறு கட்டிய பாய்மூட்டைகள், அம்மியை விட்டுச்செல்ல மனமின்றி அதன் குழவியை மட்டும் மடியில் வைத்திருந்த ஒரு பாட்டி, பெயர்ப்பலகை ஆகியவற்றைப் பிடித்தேன். பின் அத்தை அமர்ந்திருந்த சாளரத்தண்டை சென்றேன். "அந்த மெசினைக் கீழே வச்சிட்டு மொகத்தைக் காட்டு சாமி" என்றார். கீழே வைத்திலேன். அவர் முகம் படவாயிலினுள் இறங்கிக்கொண்டிருந்தது. திடீரெனக் கமெரா நின்றது.

சுருள்வில் ஒருமுறை முறுக்கினால் அரை நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடும். மனக்கலக்கத்தில் யான் முறுக்க மறந்திருந்தேன், கோளாறு அவ்வளவே. அடிமானியைப் பார்த்திருப்பின் பாதிக்கு மேல் சுருள் எஞ்சியிருப்பதை அறிந்திருப்பேன். சாவியைத் தொட்டிருப்பின் காரணம் புலப்பட்டிருக்கும். யானோ நாடா சிக்கிவிட்டதென எண்ணி, முற்பகல் வெயிலில், மேடையின் நடுவே, கதவைத் திறந்தேன். வளையங்கள் ஒழுங்காயிருக்கக் கண்டு உடனே மூடினேன். பத்து வினாடிக்கு மேல் ஆகியிராது. பின்னர் முறுக்கினேன், ஓடியது. வண்டி அசைந்து புறப்படுவதையும், கடைசிப் பெட்டி வளைவில் மறைவதையும், வெறுந் தண்டவாளத்தையும் பிடித்து முடித்தேன்.

சுருள் கொழும்பு சென்று கழுவப்பட்டு, பல வாரங்களின்பின் திரும்பிவந்தது. வெள்ளைச் சீலையில் ஓட்டிப் பார்த்தோம். பெட்டிகளும் மூட்டைகளும் தெளிவாக இருந்தன. பாட்டியும் குழவியும் இருந்தன. பெயர்ப்பலகையும் இருந்தது. பின்பு ஓரங்களிலிருந்து வெண்மை பரவி, திரை முழுவதும் வெண்மையாயிற்று. சிறிது நேரங் கழித்து அவ்வெண்மையினூடே கடைசிப் பெட்டி தோன்றி மறைந்தது. பின் தண்டவாளம்.

இதன் காரணத்தைப் பாடமாகக் கொள்க. கதவு திறந்தபோது வெயில் பட்டது மூன்று இடங்களில்: அப்போதுதான் எடுத்து முடிந்து ஏற்கும் ஸ்பூலின் வெளிச்சுற்றில் இருந்த பகுதி, படவாயிலில் நின்ற பகுதி, அடுத்து எடுக்கப்படவிருந்த, வழங்கும் ஸ்பூலின் வெளிச்சுற்று. முன்னே எடுத்தவை உட்சுற்றுக்களில் ஒளிந்து பிழைத்தன. பின்னே எடுத்தவை மறு ஸ்பூலின் உட்சுற்றுக்களில் பிழைத்தன. அழிந்தது நடுப்பகுதி. நேர்ப்படமாகக் கழுவும் சுருளாதலின், அழிந்த இடம் கறுக்காது வெளுத்தது. அளந்து பார்த்தேன்: ஏறக்குறைய 20 அடி, 800 படங்கள், 33 வினாடி. அவற்றுள் அத்தையின் முகம் ஒன்றேனும் எஞ்சவில்லை.

அத்தை மண்டபம் முகாமில் சிலகாலம் தங்கி, நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலைபெற்று, அங்கேயே காலமானார். கடிதந்தோறும், "நீ பிடிச்ச படத்துல நான் எப்படி இருக்கேன்?" என்று பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிப்பார். "நன்றாக இருக்கிறீர்கள்" என்றே எழுதிவந்தேன். அவர் சொன்னவாறு கமெராவைக் கீழே வைத்திருப்பின், படம் இல்லாவிடினும் முகத்தையேனும் நன்கு பார்த்திருப்பேன்.

7. பழைய சுருள் கைவசம் உள்ளோர்க்கு

பழைய மாணவர் அன்பர்களே! உங்கள் இல்லங்களில் பழைய சலனப்படக் கமெரா இருப்பின், அதனுள் சுருள் இல்லை என எண்ணிக் கதவைத் திறவாதீர்கள். முதலில் அடிமானியைப் பாருங்கள். இடையில் நின்றிருப்பின், உள்ளே சுருள் இருப்பதாகவே கொள்ளுங்கள். இருட்டுப் பையில் வைத்து எடுப்பிக்க வேண்டியது அது. பல்லாண்டு கழித்தும் அதில் உருவம் எஞ்சியிருத்தல் கூடும். கொடாக்குரோம் என்னும் வண்ணச் சுருளாயின், அதனை வண்ணத்தில் கழுவும் வசதி 2010 இன் இறுதியுடன் உலகெங்கும் நின்றுபோயிற்று. ஆயினும் கறுப்பு வெள்ளையாகக் கழுவ வழி உண்டு.

கழுவிய சுருள்கள் பேணியில் இருப்பின் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினாகிரி நெடி வீசுமாயின் அசற்றேற்று சிதையத் தொடங்கிவிட்டது. அது அருகிலுள்ள சுருள்களையும் தொற்றும். அதனை வேறாக்கி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்து, விரைவில் இலக்கப் பிரதி செய்விப்பீராக. சுருங்கிய நாடாவை ஆசை மிகுதியால் பழைய புரொஜெக்டரில் ஓட்டினால் துளைகள் கிழியும். பேணியின்மேல் எழுதியுள்ள பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றை அழியாது படியெடுங்கள். எழுத்தில்லாதவற்றுக்கு, வீட்டிலுள்ள முதியோரை அமர்த்திக் கேட்டெழுதுங்கள். முகத்தை அடையாளங் காணவல்ல கண்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன.

இப்பாடம் முழுவதையும் மறந்துபோவீராயினும் ஒன்றை மாத்திரம் மறவாதிருப்பீராக. கமெரா நின்றுவிட்டால் முதலிற் சாவியைத் தொடுக. அடுத்து அடிமானியைப் பார்க்க. அதன்பின் நிழலைத் தேடுக. கதவைத் திறத்தல் எல்லாவற்றுக்கும் இறுதியில்.